மூன்றாவது முறையும் அதே இடத்தில்

மூன்றாவது தடவை என்று டாக்டர் சொன்னதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் தடவை அழுது தீர்த்தாயிற்று. இரண்டாவது தடவை கோயில் கோயிலாகப் போய் வேண்டியாயிற்று. இந்தத் தடவை, அவர் கம்ப்யூட்டர் திரையில் என் மகளின் ஸ்கேனில் இருந்த வெள்ளைத் திட்டைப் பேனா முனையால் தொட்டுக் காட்டியபோது, "மறுபடியும் அதே இடமா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். டாக்டர் பேனாவை மூடினார். "ஆமாம்மா, இது வந்தா அதே இடத்துலதான் வரும்" என்றார்.

என் மகள் தாரணிக்கு இருபத்து நான்கு வயது. நாங்கள் ஊரப்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். என் கணவர் சேகர் முடிச்சூரில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். நான் மறைமலை நகரில், கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்தப் பெட்டி எந்த லாரியில் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி வைப்பது என் வேலை. ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. மருத்துவமனையில் அது தினமும் நடக்கும்.

முதல் தடவை அவள் எட்டாம் வகுப்பு. நடக்கும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். தட்டு ஓரத்தில் வைத்த பொரியலைத் தொடாமல் எழுந்துவிடுவாள். "எங்கடி பார்த்துட்டு நடக்குற?" என்று நான் திட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று தாம்பரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் கண்ணாடி எழுதித் தரவில்லை, தலைக்கு ஸ்கேன் எழுதித் தந்தார்.

கட்டியின் பெயர் கிரானியோஃபாரிஞ்சியோமா. அதைத் தடுமாறாமல் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மூளையின் அடிப்பக்கம், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்தில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எப்போது வளர வேண்டும், எவ்வளவு தண்ணீரை வெளியே விட வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் சொல்கிறது. அதை ஒட்டி வளர்ந்து, கண் நரம்பை நெரிக்கும் கட்டி இது. புற்றுநோய் இல்லை. இதைச் சொன்னவுடன் கேட்பவர்கள் எல்லோரும் "அப்பாடா, அப்புறம் என்ன கவலை" என்பார்கள். பத்து வருடமாக இந்த "அப்பாடா"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. புற்றுநோய் இல்லை, ஆனால் இருக்கும் இடம் அப்படி. இம்மி விட்டாலும் திரும்ப வரும். முழுதாக எடுக்கப் போனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து போகும்.

அந்த முதல் தடவை மண்டையைத் திறந்து எடுத்தார்கள். சுரப்பி பாதி வேலையை நிறுத்திவிட்டது. அதிலிருந்து தினமும் காலையில் ஸ்டீராய்டு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் போடுகிறாள். பதினெட்டு வயதில் மறுபடி வந்தது. மறுபடி ஆபரேஷன், அதோடு ஆறு வாரம் கதிர்வீச்சு. கல்லூரியில் சேர வேண்டிய வருடம் அதிலேயே போயிற்று. பிறகு டிப்ளமோ முடித்து, முடிச்சூரில் ஒரு இன்ஜினியரிடம் வீட்டு வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் சுவரும் ஜன்னலும் வரைவாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்தத் தடவை அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. திரையின் வலது ஓரம் மங்கலாயிருக்கிறது என்று இரண்டு மாதம் தெரிந்திருந்தும் எங்களிடம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் இருக்கும் பட்டன்களையெல்லாம் இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா இப்படித்தான் கத்துவ. அதான்" என்றாள்.

கண் பரிசோதனை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இருட்டு அறையில் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு சின்ன வெளிச்சம் தோன்றும்போது கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு அகலத்துக்குப் பார்வை இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெளிச்சம் எதுவும் தெரியாது, பொத்தான் சத்தம் மட்டும் கேட்கும். டக், டக் என்று வந்துகொண்டிருக்கும், பிறகு வெகுநேரம் ஒன்றும் இருக்காது. மெஷின் சும்மா இருக்கிறதா, இல்லை வெளிச்சம் வந்தும் இவளுக்குத் தெரியவில்லையா என்று புரியாமல் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். "முடிஞ்சுதா?" என்று இடையில் கேட்டேன். "பேசாதீங்க மேடம், பேஷன்ட் டிஸ்டர்ப் ஆவாங்க" என்றார் மெஷினை இயக்கிய பெண்.

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ப்பது என்று முடிவானது. அங்கேயும் முதலில் இன்ஷூரன்ஸ் மேஜையில்தான் உட்கார வேண்டும். எந்த வருடத்திலிருந்து இந்த வியாதி என்று மூன்று நாளில் நான்கு பேர் கேட்டார்கள். நான்கு பேருக்கும் பத்து வருட ஃபைலைத் திறந்து காட்டினேன். நான்காவது பையன் அதைப் புரட்டிவிட்டு, "கேன்சர்னா அப்ரூவல் ஈஸியா வந்துடும் மேடம். இது கேன்சர் இல்லைங்கறதாலதான் கேள்வி கேக்கறாங்க" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

இதற்கிடையே என் கணவரின் அக்கா தினமும் போன் செய்வார். செல்போன் பார்ப்பதால்தான் வருகிறது, எடுத்துப் பரணில் போடு என்பார். இதை அவர் சொல்வதும் செல்போனில்தான். அப்புறம் கட்டியைக் கரைக்கும் என்று ஒரு பாட்டில் கஷாயமும் அனுப்பினார். என் கணவர் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்பார். "எதுக்குங்க எல்லாத்துக்கும் சரி சொல்றீங்க?" என்று கேட்டால், "இல்லன்னா இன்னும் அரை மணி நேரம் பேசும் மாலா" என்பார்.

ஆபரேஷன் செய்யப்போகும் பெரிய டாக்டர் எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்தத் தடவை மண்டையைத் திறக்க வேண்டாம், மூக்கு வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை விட்டு எடுக்கலாம் என்றார். என் கணவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வழி இருக்கு சார். கட்டி பெரும்பகுதி வந்துடும். ஒரு ஓரம் மட்டும் கண் நரம்போட ஒட்டிட்டு இருக்கு. ரேடியேஷன் குடுத்த இடம் வேற, நல்லா பிடிச்சிருக்கும். அதையும் சுரண்டி எடுத்தா திரும்ப வர்றது குறையும். ஆனா பார்வை போக சான்ஸ் இருக்கு. அந்த ஓரத்தை விட்டுட்டா பார்வையைப் பெரும்பாலும் காப்பாத்திடலாம். கட்டி மறுபடி வளரலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"முழுசா எடுத்துடுங்க சார்" என்று நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"சார்" என்றாள் தாரணி. "மண்டை என்னோடது. என்னைப் பாத்து கேளுங்க."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அவள் கேட்டுக்கொண்டே போனாள். எவ்வளவு பார்வை போகலாம், போனால் திரும்புமா, விட்ட ஓரம் எவ்வளவு வேகமாக வளரும், வளர்ந்தால் என்ன செய்யலாம். அவர் தெரிந்ததற்குத் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததற்குத் தெரியாது என்றார். கடைசியில் அவள், "ஓரத்தை விட்டுடுங்க சார்" என்றாள்.

வெளியே வந்ததும் காரிடாரிலேயே பிடித்துக்கொண்டேன். "மறுபடியும் வரும்டி. இன்னொரு தடவை என்னால முடியாது."

"வந்தா அப்ப பாத்துக்கலாம். எனக்கு இப்ப கண்ணு வேணும்."

"கண்ணை மட்டும் வச்சிட்டு என்ன பண்ணுவ?"

"வீடு வரைவேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

அடுத்து நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, தாரணிக்குத் தெரியாமல், அவள் நம்பரில் டோக்கன் போட்டு அந்த டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். "சின்னப் பொண்ணு சார். பயத்துல பேசறா. உள்ள போனதும் நீங்க முழுசா எடுத்துடுங்க, நான் சமாளிச்சுக்கறேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கையெழுத்து அவங்கதாம்மா போடப்போறாங்க" என்றார் நிதானமாக. "நீங்க வந்ததை நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. வெளியே வந்து, ஒட்டியிருந்த ஓரத்தைத் தவிர எல்லாம் வந்துவிட்டது என்றார் டாக்டர். ஐ.சி.யூ.வில் அவள் கண் விழித்ததும் அவர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவள் மூக்கு முழுக்க பஞ்சு அடைத்திருந்ததால் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டே, "மூணு" என்றாள். கையை வலது பக்கம் நகர்த்தினார். "ரெண்டு." இன்னும் நகர்த்தினார். "ரெண்டுதான் சார், சும்மா சும்மா கேக்கறீங்க." திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் அப்போதுதான் கீழே உட்கார்ந்தேன்.

அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அன்று சாயங்காலமே சிறுநீர்ப் பை நிரம்ப ஆரம்பித்தது. நிறமே இல்லாமல், குழாய்த் தண்ணீர் மாதிரி. காலி செய்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி நிறையும். அவள் தாகம் தாகம் என்று தவித்தாள். அந்தச் சுரப்பி அதிர்ச்சியில் இருக்கிறது, உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்ல அதற்குத் தெரியவில்லை என்று விளக்கினார்கள். இதற்கும் டயாபடீஸ் என்று ஒரு பெயர், ஆனால் சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தன் அக்காவிடம் அந்தப் பெயரைச் சொன்ன என் கணவரைத்தான் நான் குறை சொல்ல வேண்டும். மறுநாளே வீட்டுக்கு வெந்தயப் பொடி வந்துவிட்டது.

வார்டுக்கு மாற்றிய பிறகு குடிப்பதையும் போவதையும் அளந்து எழுத வேண்டும். ரத்தத்தில் உப்பின் அளவு ஏறினாலும் இறங்கினாலும் ஆபத்து, அதற்குத் தகுந்தபடிதான் மருந்து கொடுப்பார்கள். பெண்கள் வார்டு என்பதால் கூட ஒரு பெண்தான் இருக்கலாம். அந்த ஒரு பெண் நான். பிளாஸ்டிக் ஜக்கில் அளந்து நர்ஸிடம் சொல்வேன். ஷிஃப்ட் மாறும்போது ஒரு தடவை எழுத விட்டுப்போகும். அடுத்து வருபவர், "ஏன் இவ்ளோ கம்மியா போயிருக்காங்க?" என்று என்னைக் கேட்பார். மூன்றாவது நாள் நான் சொந்தமாக ஒரு நோட்டு போட்டேன். அதைப் பார்த்துத்தான் நர்ஸ்களே சார்ட்டை நிரப்பினார்கள். எங்கள் கம்பெனியில் இப்படி நடந்தால் லாரி கேட்டைத் தாண்டாது.

ஐந்தாம் நாள் காலை அவள் தலையணை நனைந்திருந்தது. "தொண்டையில உப்பு கரிக்குதும்மா" என்றாள். மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி வடிந்துகொண்டிருந்தது.

நர்ஸிடம் சொன்னேன். "ஏ.சி. சேரலம்மா, ஜலதோஷம்" என்றார். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். தாரணியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். "ஆபரேஷன் பண்ண மூக்கும்மா, வடியத்தான் செய்யும்" என்று போய்விட்டார். மத்தியானம் மறுபடி போனேன். "நீங்க ரொம்ப டென்ஷன் ஆகறீங்க" என்றார். டென்ஷன் ஆகிறேன் என்பது தெரியாமலா அவரைத் தேடிப் போனேன்? சளி என்றால் பிசுபிசுப்பு இருக்க வேண்டாமா? துணியில் காய்ந்தால் விறைக்க வேண்டாமா? துடைத்த துண்டு வெறும் தண்ணீரில் நனைத்த மாதிரிதான் இருந்தது.

வார்டைச் சுத்தம் செய்யும் ராணியக்கா படுக்கை விரிப்பை மாற்ற வந்தார். துண்டை எடுத்துப் பிழிந்து பார்த்தார்.

"இன்னாமா இது, தண்ணி மாரி ஊத்திகினு கீது. இதுவா சளி?"

"அதத்தான் காலையிலேர்ந்து கத்திட்டு இருக்கேன். யாரும் கேக்க மாட்டேங்கறாங்கக்கா."

"இவங்கள்ட்ட சொல்லிகினு இருந்தா பேஜாரு. நாலு மணிக்குப் பெரிய டாக்டரு ரவுண்ட்ஸ் வருவாரு. லிஃப்ட்டாண்ட போய் நின்னுக்க. உன்னைத் தாண்டிப் போவ வுடாத."

மூன்றரைக்கே போய் நின்றேன். டாக்டர் பின்னால் ஐந்தாறு பேரோடு வந்தார். வழியை மறித்து நின்றுகொண்டு, "சார், இது சளி இல்ல. நீங்க வந்து பாத்துட்டு சளின்னு சொல்லுங்க, நான் வாயை மூடிக்கறேன்" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்திருக்கும். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நேராகத் தாரணியிடம் வந்தார். உட்காரவைத்து, முன்னால் குனிந்து தலையைத் தொங்கப்போடச் சொன்னார். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு சொட்ட ஆரம்பித்தது. சரியாக மூடாத குழாயில் சொட்டுவது போல விடாமல் சொட்டியது. ஒரு சின்ன பாட்டில் கேட்டு அதில் பிடித்தார். லேபுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, டியூட்டி டாக்டர் பக்கம் திரும்பி, "அம்மா உங்ககிட்ட எத்தனை மணிக்கு சொன்னாங்க?" என்று கேட்டார். அவர் சார்ட்டைப் புரட்டினார். "ஏழு பத்துக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை" என்று நான் சொன்னேன். நோட்டில் எழுதியிருந்தேன்.

மூளையைச் சுற்றி எப்போதும் ஒரு தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும். மூக்கு வழியாகப் போவதற்காகத் திறந்த எலும்பை மூடி ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு பிரிந்து, மூளையின் நீர் மூக்கு வழியாகக் கசிந்தது. நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகலாம். போனால் மூளைக்காய்ச்சல். மறுநாள் காலையே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தொடையிலிருந்து கொஞ்சம் தசையும் கொழுப்பும் எடுத்து அந்த ஓட்டையை அடைத்தார்கள். ஒட்டின் மேல் அழுத்தம் வராமலிருக்க, முதுகுத்தண்டின் கீழே ஒரு மெல்லிய குழாய் செருகி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டார்கள்.

அந்தக் குழாய் இருக்கும்வரை ஐந்து நாள் மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது, இருமக் கூடாது, முக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கட்டிலில் ஒட்டியிருந்தார்கள். தாரணி படுத்தபடியே, "உயிரோட இருக்கலாமான்னு போட்டிருக்காங்களாம்மா?" என்றாள். வாசனை வேறு தெரியவில்லை. ரசம் கொடுத்தால் வெந்நீர் என்பாள், காப்பி கொடுத்தால் அதுவும் வெந்நீர் என்பாள். மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. முதுகிலிருந்து வடிந்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி இருப்பது போலத் தெரிகிறது என்று ஒருவர், இல்லை போலிருக்கிறது என்று இன்னொருவர். மருந்தை மட்டும் விடாமல் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் அவள் பேச்சு சில சமயம் குழறும். உன் பெயர் என்ன, நம் வீடு எந்த ஊரில் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "ஊரப்பாக்கம், ஊரப்பாக்கம், எத்தனை தடவை கேப்ப" என்று எரிந்து விழுவாள். அவள் எரிந்து விழுந்தால்தான் எனக்கு நிம்மதி.

என் கணவரைப் பற்றி நிறையக் குறை சொல்லிவிட்டேன், இதையும் சொல்ல வேண்டும். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு. ஊசி குத்துவதைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும், ஆனாலும் ஒரு நாள் தவறவில்லை. அவள் மேற்கூரையை மட்டுமே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைக் கண்டுவிட்டு, மறுநாள் கடையிலிருந்து பைக்கின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒன்றும் ஒரு ஸ்பேனரும் கொண்டுவந்து, கட்டிலின் கம்பியில் முடுக்கினார். படுத்தபடியே அவளுக்கு ஜன்னலும், வாசலும், யார் வருகிறார்கள் என்பதும் தெரிந்தது. இதெல்லாம் அனுமதியில்லை என்று நர்ஸ் சத்தம் போட்டார். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

காய்ச்சல் இறங்கிய அன்று மத்தியானம், அவளுக்குக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை என்றால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"தாரணி, நான் ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டரைத் தனியாப் போய்ப் பாத்தேன்."

"தெரியும்."

"அவர் சொன்னாரா?"

"அவர் ஒண்ணும் சொல்லல. என் நம்பர்ல டோக்கன் போட்டா மெசேஜ் எனக்குத்தான்மா வரும்." கஞ்சியை விழுங்கினாள். "முழுசா எடுக்கச் சொல்லத்தான் போயிருப்பன்னு தெரியும். அதனாலதான் மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இன்னொரு தடவை கேட்டேன். ஓரத்தை விட்டுடுவீங்கதானே சார்னு."

ஸ்பூன் என் கையிலேயே நின்றது. தியேட்டர் மேஜையில் படுத்துக்கொண்டு, அவள் சந்தேகப்பட்டது டாக்டரை இல்லை, என்னை. பத்து வருடம் ஒவ்வொரு மாத்திரையையும் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"கோவமாடி?"

"ஆமா. ஆனா இப்பக் கோவப்பட்டா தலையில அழுத்தம் ஏறும்னு எழுதி ஒட்டியிருக்காங்க. எழுந்து உட்கார்ந்ததும் படறேன்."

சொன்னபடியே செய்தாள். இருபத்தோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். கசிவு நின்றிருந்தது. தண்ணீர் விஷயத்துக்கு மட்டும் இன்னொரு மாத்திரை கூடியிருந்தது. வந்து நான்காம் நாள், நான் அவள் குளிக்கும்போது கதவைத் தாழ் போடாதே என்றேன். அதில் ஆரம்பித்தது. டோக்கன் வரைக்கும் வந்தது. "என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாம நீ எப்படிப் பேசலாம்?" என்று அரை மணி நேரம் கேட்டாள். நான் பதிலுக்குக் கத்தினேன். "இன்னொரு தடவை உன்னை அந்தக் கதவுக்கு உள்ள அனுப்பிட்டு வெளிய நிக்க என்னால முடியாதுடி, அதான் போனேன்" என்றேன். "எனக்கு மட்டும் முடியுமா?" என்றாள். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றுவிட்டது. என் கணவர் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். முடிவைக் கேட்க டாக்டர் அறைக்குத் தனியாகப் போகிறேன் என்றாள் அவள். நானும் என் கணவரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் இருந்த டி.வி.யில் சத்தம் இல்லாமல் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். "என்ன இவ்ளோ நேரம்?" என்று அவர் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

அவள் வந்தாள். "இருக்கு" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "அப்படியே இருக்கு. வளரல. கண் டெஸ்ட் முன்னைக்கு நல்லா வந்திருக்கு. ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாரு."

இத்தனை வருடமாக நான் 'இல்லை' என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அது இனி கிடைக்கப்போவதில்லை என்று அந்த வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது. அப்படியே இருக்கிறது என்பதோடு இருந்துகொள்ள வேண்டும். என் கணவர் அதற்குள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார். கஷாயம்தான் காரணம் என்று அந்தப் பக்கத்திலிருந்து எனக்கே கேட்டது. அந்த பாட்டில் இன்னும் சீல் உடைக்காமல் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

தாம்பரத்தில் ரயில் ஏறியதும் தாரணி, "திங்கட்கிழமை நான் ஆபீஸ் போறேன்" என்றாள்.

"அதுக்குள்ளயா? இன்னும் ஒரு மாசம்..."

"நீயும் போம்மா. நாலு மாசமா லீவு. ரெண்டு பேரும் என்னையே பாத்துட்டு உட்கார்ந்திருக்கோம். எனக்கு மூச்சு முட்டுது."

எனக்கு வந்த கோபத்தில் ஊரப்பாக்கம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் திங்கட்கிழமை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். அவள் மாத்திரையை மேஜையில் எடுத்து வைக்கவில்லை, அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று காலை ஏழு லாரிகள். மூன்று தடவை போனைக் கையில் எடுத்து மூன்று தடவையும் கீழே வைத்தேன். நாலு மாதத்தில் எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் பதிவேட்டைக் குட்டிச்சுவராக்கி வைத்திருந்தார். அதைச் சரி செய்ததில் மணி போனது தெரியவில்லை.

போன் அடித்தது. தாரணி. பதறிப்போய் எடுத்தேன்.

"என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"மணி ரெண்டாகப் போகுது. நானே மாத்திரை போட்டு, சாப்பிட்டாச்சு. இவ்ளோ நேரம் நீ என்னம்மா பண்ற, மாத்திரை போடறவ நானா நீயா" என்று என்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டாள்.